மைக்காரர் வீட்டு முப்பத்தொரு விதிகள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களா. மடியில் பிள்ளை இருந்தால் இருக்கட்டும், அதுவும் கேட்கட்டும். ஒரு மனுஷனுக்கும் ஒரு பிளாஸ்டிக் வாத்துக்கும் ஆரம்பித்த தகராறு எங்கே போய் முடிந்தது என்று சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார், நல்ல மனுஷன்.

அந்த நேரம் அவர் சமையலறை மேசையில் வாத்தை மல்லாக்கப் போட்டு, அதன் வயிற்றை ஸ்க்ரூடிரைவரால் குடைந்துகொண்டிருந்தார். வாத்து விடாமல் கத்தியது. அழுத்தினால் கத்தும், விட்டாலும் கத்தும். மூன்றாவது ஸ்க்ரூ சுழன்று வெளியே வந்ததும் மூடி தெறித்தது. பேட்டரி ஒரு பக்கம் ஓடியது. ஸ்க்ரூ மூன்றும் ஆளுக்கொரு திசையில் உருண்டன. வாத்து அப்போதுதான் வாயை மூடியது.

ஒரு ஆபத்தை எடுக்கப் போய் நாலு ஆபத்தைத் தரையில் இறைத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

அவர் யார் என்று சொல்லவில்லையே. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவர். முப்பத்துமூன்று வருஷமாக ஒரே கண்ணாடி அறை, ஒரே நாற்காலி. எல்லாருக்கும் அவர் மைக்காரர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று ஒரு தரம் சொல்லுவார். அதையே இன்னொரு தரம் சொல்லுவார். பிறகு சுவிட்சை அணைப்பார். யாரும் திருப்பி எதுவும் கேட்க முடியாது. கேட்டாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைவதுதான் தெரியும்.

இந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. தூர தேசத்தில் இருக்கிற மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் போடுவார். "அப்பா பேசறேன். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். உடம்பைப் பாத்துக்கோ." அதையே இன்னொரு தரம். அப்புறம் டக். அந்தப் பக்கம் மகள் "அப்பா" என்று வாயெடுக்கும்போது லைனில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பாசம் இல்லாமலா? தொண்டை வரை இருந்தது. மேலே ஏறி வருகிற வழிதான் அவருக்குத் தெரியவில்லை. மனைவி இருந்தவரை கவலையில்லை. அவள் மகளோடு மணிக்கணக்கில் பேசுவாள். இவர் பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதோடு அந்த மணிக்கணக்கும் போயிற்று.

பேத்தி பிறந்தது அதற்குப் பிறகுதான். எல்லாரும் அவளை வாண்டு என்பார்கள். ஒரு வயது ஐந்து மாதம். இவர் பார்த்ததெல்லாம் போனில், உள்ளங்கை அகலத்துக்கு. மாதா மாதம் அவள் பிறந்த தேதியன்று பேருந்து நிலையத்து பொம்மைக் கடையில் ஒரு பொம்மை வாங்குவார். அனுப்ப மாட்டார். கூடத்து அலமாரியில் வரிசையாக வைப்பார். சில சாயந்திரங்களில் அலமாரியைத் திறந்து எண்ணுவார். பதினேழு. எண்ணிவிட்டு மூடிவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, அடுத்த மாசம் இருபதாம் தேதி நாங்க மூணு பேரும் வர்றோம். வீடு சரியா இருந்தா ஒரு மாசம் இருப்போம். இல்லன்னா ரெண்டு நாள் இருந்துட்டு என் மாமியார் வீட்டுக்குப் போயிடுவோம்."

"சரியா இருந்தான்னா?" என்றார் இவர்.

போனில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேத்தி எது கெடச்சாலும் வாயில போடறாப்பா. பொம்மை வேற வாங்கி வெச்சிருக்கீங்களாமே, மாடிவீட்டக்கா சொன்னாங்க. நாலு விஷயம் சொல்றேன், எழுதிக்கோங்க."

வண்டி நேரம் எழுதுகிற நோட்டில் எழுதிக்கொண்டார். ஒன்று: டிஷ்யூ பேப்பர் உருளைக்கு நடுவில் அட்டைக் குழாய் இருக்குமே, அதற்குள் போகிற எந்தச் சாமானும் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரண்டு: பொத்தான் மாதிரி தட்டையாக இருக்கிற பேட்டரி. அதை விழுங்கினால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே வெந்துபோகும். மூன்று: நீளக் கயிறு எந்தப் பொம்மையிலும் கூடாது, கழுத்தில் சுற்றும். நான்கு: காந்தம். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் குடலைக் கவ்விக்கொள்ளும்.

எழுதி முடித்தார். இத்தனை நாளாக அலமாரியில் பொம்மை என்று நினைத்து எதை எண்ணிக்கொண்டிருந்தோம் என்று அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், முப்பது நாளா இரண்டு நாளா என்கிற கணக்கு. அவர் இதுவரை யாரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. இந்த முப்பது நாள் வேண்டும் போல இருந்தது.

அப்படித்தான் வாத்தின் வயிறு திறந்தது. உடனே மகளுக்கு போன் போட்டார்.

"பாப்பா, வாத்து வயித்துலேர்ந்து மூணு ஸ்க்ரூ விழுந்துடுச்சு. ரெண்டு கெடச்சுது. பேட்டரி என் கையில இருக்கு."

"பேட்டரிய மொதல்ல டேப் சுத்தி, தூக்கிப் போடற பெட்டியில போடுங்க. மூணாவது ஸ்க்ரூ?"

"தேடறேன். தேடறேன்."

"தேடுங்க. வெச்சிடாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

போனை ஸ்டூலில் வைத்துவிட்டு அவர் தரையில் தவழ்ந்தார். போனிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "அடுப்பு மேடைக்கு அடியில பாருங்க. அம்மாவோட தோடு ஒரு தடவை அங்கதான் போய் உக்காந்துச்சு."

"தோடு தொலைஞ்சுதா? எப்போ?"

"நான் அஞ்சாவது படிக்கறப்ப. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம்."

அவர் மேடைக்கு அடியில் தலையை விட்டார். ஸ்க்ரூ அங்கேதான் இருந்தது. வெளியே வரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார் என்று போன் காட்டியது. தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பதினேழு பொம்மையில் பதின்மூன்று தோற்றுப்போயின. தூண்டில் விளையாட்டில் மீனுக்கு மூக்கில் காந்தம். இழுத்துக்கொண்டு போகிற நாய்க்கு முழ நீளக் கயிறு. கயிற்றை வெட்டியதும் நாய் நகர மறுத்தது. கரடிக்குக் கண் இரண்டும் பொத்தான். பிய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நூலால் கண் தைத்தார். தைத்து முடித்ததும் கரடி ராத்திரி ஷிப்டு முடித்து வந்த டிரைவர் மாதிரி பார்த்தது. ஆனாலும் பாஸ்.

கரடி, ரயில் வண்டி, துணிப் பந்து, மரக்கட்டை அடுக்கு. மிச்சம் நாலே நாலு.

"நாலு விதியும் முடிஞ்சுது. நாலு விதியும் முடிஞ்சுது," என்று மகளிடம் அறிவித்துவிட்டுப் போனை வைக்கப் போனார்.

"இருங்க இருங்க. அஞ்சாவது ஒண்ணு இருக்கு."

"அஞ்சாவதா?"

"கரடிக்குச் சாயம் போகுதான்னு நனைச்சுப் பாருங்கப்பா. சப்புவாள்ல."

நனைத்துப் பார்த்தார். தனியாக நனைத்திருக்கலாம். வாளியில் ஊறிக்கொண்டிருந்த தன் வெள்ளைச் சட்டைகளோடு சேர்த்து நனைத்தார். கரடி வெளுத்து வெளியே வந்தது. சட்டைகள் மூன்றும் ரோஜா நிறத்தில் வந்தன. மறுநாள் கண்ணாடி அறையில் ரோஜா நிறச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கண்டக்டர்கள் வரிசை கட்டி வந்தார்கள்.

"என்ன மைக் சார், பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"கரடி," என்றார் அவர்.

ஆறாவது விதி, காய்ந்த கரடியை மோந்து பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "பழைய கம்பளி, கொஞ்சம் சோப்பு," என்றார். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அம்மாவுடையது போலவே நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தது. அவர் போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார். ஏழாவது, எட்டாவது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மரக்கட்டையின் முனையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு எரிகிறதா என்று சொல்ல வேண்டும். துணிப் பந்து கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருள எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும்.

"இது எதுக்குப் பாப்பா?"

"எல்லாம் காரணமாத்தான். எண்ணுங்க, நானும் கூடவே எண்ணறேன்."

இரண்டு பேரும் எண்ணினார்கள். ஏழு விநாடி.

ஒன்பதாவது விதியில்தான் வேலைக்கே வேட்டு வந்தது. ரயில் வண்டியின் புகைக்கூண்டில் ஊதினால் விசில் அடிக்கும். அந்தச் சத்தம் குழந்தையின் காதுக்கு அதிகமா என்று பார்க்கச் சொன்னாள். வீட்டில் பார்த்தால் தெருச் சத்தத்தில் தெரியவில்லை. ஊரிலேயே அமைதியான இடம் தன் கண்ணாடி அறைதான் என்று ரயிலைப் பையில் போட்டு எடுத்துப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு, நன்றாக மூச்சை இழுத்து, நீளமாக ஒரு ஊது ஊதினார்.

மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

பேருந்து நிலையத்தில் விசில் என்றால் ஒரே அர்த்தம்தான். நாலு வண்டி ஒரே நேரத்தில் கிளம்பியது. ஒன்றில் கண்டக்டர் இல்லை. இரண்டில் பயணிகள் இல்லை. நாலாவதில் இருந்தது பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் மட்டும். துடைப்பத்தோடு அவளை மூன்றாவது நிறுத்தத்தில்தான் இறக்கிவிட்டார்கள்.

நிலைய மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாருய்யா ஊதினது?"

"ரயில், சார்."

"பஸ் ஸ்டாண்டுக்குள்ள ரயில் எப்படிய்யா வந்துச்சு?"

மைக்காரர் பையைத் திறந்து காட்டினார். மேலாளர் ரயிலைப் பார்த்தார், ரோஜா நிறச் சட்டையைப் பார்த்தார், விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயந்திரம் மகளிடம் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டு, "திரும்பச் சொல்லுங்கப்பா," என்றாள். இரண்டாம் தரம் சொல்வது அவருக்குப் பழக்கம்தான். மூன்றாம் தரமும் கேட்டாள். மூன்றாம் தரம் சொல்லும்போது பெருக்குகிற அம்மாள் டிரைவரைத் திட்டிய திட்டையும் சேர்த்துக்கொண்டார். தனக்கு இப்படியெல்லாம் சொல்ல வருமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "உங்கம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அந்தப் பக்கமும் யாரும் முடிக்கவில்லை. ஆனால் போனை இரண்டு பேரும் வைக்கவில்லை.

"சத்தம் அதிகம்தான்," என்றார் கடைசியில். "புகைக்கூண்டை அடைச்சுடறேன்."

"அடைங்க. பத்தாவது எழுதிக்கோங்க."

விதி பதினைந்தானது, இருபதானது. ஒவ்வொரு நாளும் முடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் போன் போடுவார். ஒவ்வொரு நாளும் இன்னொன்று முளைக்கும். முளைக்க முளைக்க அவர் பயந்துபோய் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். நம் வீடு இவ்வளவு ஆபத்தான வீடா, இதில் எதையாவது விட்டுவிட்டால் மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்களா என்று.

மாடிவீட்டக்கா படியிறங்கும்போது நின்று கேட்டாள். "ஏண்ணே, பேத்தி வருதா, இல்ல மந்திரி வர்றாரா? தெனமும் ஒரு மணி நேரம் போன்ல பேச்சு. நேத்து நீங்க சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. யாரோ வேத்து மனுஷன் வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு நான் கட்டையை எடுத்துக்கிட்டு வர இருந்தேன்."

"பாதுகாப்பு ஏற்பாடு," என்றார் மைக்காரர்.

"யாருக்கு?" என்றாள் அக்கா. அவர் படிக்கட்டுக் கம்பியில் குழந்தையின் தலை நுழையுமா என்று தேங்காய் அளவுக்கு ஒரு பந்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பதாவது விதியும் முடிந்து, அவர்கள் கிளம்புகிற நாள் வந்தது. அந்த அட்டைக் குழாய்க்குள் போகிற எல்லாவற்றையும் அவர் முன்பே பீரோவில் பூட்டிவிட்டிருந்தார். நாணயம், மாத்திரை, பேனா மூடி, சட்டைப் பொத்தான், எல்லாம். அன்று குழாயை எடுத்துக் கடைசியாக ஒரு சுற்று வந்தவர், பீரோ சாவியை அதற்குள் போட்டுப் பார்த்தார். சாவி வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது.

"பாப்பா, சாவியே குழாய்க்குள்ள போகுது."

மகள் விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பின்னால் வாண்டு கத்துகிற சத்தம். "அப்போ அதையும் பூட்டி வெச்சிடுங்கப்பா. முப்பத்தொண்ணு," என்று சிரித்தாள்.

விளையாட்டுக்குச் சொன்னாள். மைக்காரருக்கு வந்த உத்தரவில் எது விளையாட்டு என்று பிரித்துப் பார்த்துப் பழக்கமில்லை. எழுதிக்கொண்டார். மறுநாள் அவர்கள் வந்து இறங்கச் சற்று முன் பீரோ சாவியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். டிரங்குப் பெட்டிச் சாவியும் குழாய்க்குள் போனது. அதைச் சூட்கேசில் வைத்துப் பூட்டினார். சூட்கேஸ் சாவியோ இருப்பதிலேயே சின்னது. அதை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்தார். அந்த டப்பாவுக்குப் போட அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பூட்டு ஒன்று இருந்தது. அதன் சாவியையும் டப்பாவுக்குள்ளேயே போட்டார். கையில் வாசல் சாவி மிச்சம் இருந்தது. அதுவும் குழாய்க்குள் போகிற சாவிதானே. அதையும் போட்டு, மூடி, பூட்டை அமுக்கினார்.

வீடு முழுக்கச் சின்னதாக ஒரு சாமான் இல்லை. மனசு குளிர்ந்துபோயிற்று. வாசலில் கார் ஹாரன் கேட்டது. ஓடினார். பின்னால் காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. இழுத்தால் தானே பூட்டிக்கொள்கிற கதவு.

காரிலிருந்து மகள் இறங்கினாள், மாப்பிள்ளை இறங்கினார், மாப்பிள்ளை தோளில் அரைத் தூக்கத்தில் வாண்டு. "வாங்க," என்றார் மைக்காரர். "வாங்க," என்று இன்னொரு தரமும் சொன்னார். பிறகு, "உள்ளே போக முடியாது," என்றார்.

பூட்டு திறக்கிற ஆளை மாடிவீட்டக்கா போய்க் கூட்டி வர அரை மணி ஆயிற்று. அதுவரை பெட்டிகளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு எல்லாரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். வாண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கை அகலத்தில் பார்த்த பிள்ளை இவ்வளவு கனமா என்று இருந்தது. அவள் கண்ணை விழித்தாள், அவரை மேலும் கீழும் பார்த்தாள், மூக்கைப் பிடித்து இழுத்து, வாயில் போட்டுக்கொள்ள முயன்றாள். மூக்கு குழாய்க்குள் போகுமா என்று ஒரு விநாடி யோசித்தார். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டு, நன்றாகக் குனிந்து கொடுத்தார்.

பூட்டுக்காரர் வாசலைத் திறந்தார், தகர டப்பாவைத் திறந்தார், "உள்ள இன்னும் எத்தனை இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு, அதிலிருந்த சாவியோடு சூட்கேசுக்குப் போனார்.

மகள் வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள். அலமாரியைத் திறந்தாள். பதினேழு பொம்மை இருந்த தட்டில் நாலு. நூல் கண் கரடி, புகைக்கூண்டு அடைத்த ரயில், பந்து, கட்டை அடுக்கு. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போய்விட்டாள்.

மைக்காரருக்குப் பகீரென்றது. எதையோ விட்டுவிட்டோம். வாசலில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் நோட்டோடு போய் நின்றார்.

"மாப்பிள்ளை, முப்பத்தொண்ணும் முடிச்சாச்சு. பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் நேரே கோடு போட்டிருக்கேன். ஏதாவது கொறை இருந்தா சொல்லுங்க, இப்பவே செஞ்சுடறேன். ஒரு மாசம் இருப்பீங்கள்ல?"

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார். நோட்டை வாங்கி மெதுவாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு மாசம் லீவுன்னு எப்பவோ முடிவாயிடுச்சு மாமா. இதுல மொத நாலு வாண்டுக்கு. மீதி இருபத்தேழும், நீங்க போனை வெச்சுடக் கூடாதுன்னு உங்க பொண்ணு தினம் தினம் உக்காந்து யோசிச்சது."

அவ்வளவுதான், செல்லங்களா. உங்கள் வீட்டுத் தரையில் தவழுகிற பிள்ளைகளின் கைக்கு நல்லது மட்டுமே எட்டட்டும். தூரத்தில் இருக்கிறவர்களின் குரல் உங்கள் வீட்டைத் தேடி வரட்டும். வந்தால், சீக்கிரம் போகாமல் இருக்கட்டும்.